லிகேச்சருக்குத் தமிழ்ல என்ன பேரு: பூணா, கவ்வியா, கச்சையா?

எல்லாருக்கும் வணக்கம். லிகேச்சருக்குத் தமிழ்ச்சொல் தேடுற இந்த இழையில இதுவரைக்கும் வந்த மடல் எல்லாத்தையும் ஒண்ணா உக்காந்து படிச்சேன். பிணைப்பான், கவ்வி, பூண், சீவாளிக்கட்டு, இந்த நாலைச் சுத்தித்தான் பேச்சு போயிக்கிட்டு இருக்கு. நான் அஞ்சாவதா ஒண்ணு சொல்றேன், கச்சை. ஏன்னு கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், ஏன்னா இந்தப் பொருள் என்ன வேலை செய்யுது, கடையில எத்தனை விதமா கிடைக்குது, வாசிக்கிறவங்க எதைப் பார்த்து வாங்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் எந்தச் சொல்லு உக்காரும் எது உக்காராதுன்னு பேச முடியும்.

முதல்ல புதுசா சேர்ந்தவங்களுக்காக. கிளாரினெட்டும் சாக்ஸபோனும் ஒத்தை ரீடு வாத்தியம், அதாவது ஒரே ஒரு நாணல் தகடு (அதுதான் ரீடு) அதிர்ந்து சத்தம் குடுக்கிற வாத்தியம். வாயில வச்சு ஊதுற மவுத்பீஸோட அடிப்பக்கம் தட்டையா ஒரு இடம் இருக்கும், அதுமேல ரீடோட தடிச்ச பாதி படுத்திருக்கும், மெலிசா சீவின மறுபாதி காத்துல அதிரும். அந்தத் தடிச்ச பாதியை மவுத்பீஸோட சேர்த்துப் பிடிச்சு வைக்கிற வளையம்தான் லிகேச்சர். பாக்கச் சின்னப் பொருள், ஆனா அது இல்லேன்னா ரீடு நிக்காது, வாத்தியமே பேசாது.

> லிகேச்சர்னா பிணைப்புதானே, அச்சுத் துறையிலயும் மருத்துவத்துலயும் இருக்கிற அதே சொல்லை இங்கேயும் வச்சுக்கிட்டா வேலை சுலபம், எல்லாத்துக்கும் பிணைப்புன்னு ஒரே சொல் போதாதா

ஐயா, அங்கதான் நான் வேறுபடுறேன். அச்சுல லிகேச்சர்னா ரெண்டு எழுத்து சேர்ந்து ஒரே வடிவமா நிக்கிறது, அதுக்கு கூட்டெழுத்துன்னு நம்மகிட்ட நல்ல சொல்லு ஏற்கெனவே இருக்கு. அறுவை சிகிச்சையில அது ரத்தக்குழாயைச் சுத்திப் போடுற நூல் கட்டு. பழைய மேனாட்டு இசைக்குறிப்புல சில சுரங்களை ஒண்ணா சேர்த்து எழுதுற வடிவத்துக்கும் அதே பேருதான். கட்டுறதைக் குறிக்கிற ஒரு லத்தீன் வேர்லேருந்து எல்லாம் கிளைச்சது, அதனால அவங்களுக்கு ஒரே சொல்லா அமைஞ்சுபோச்சு. நமக்கு அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. கூட்டெழுத்தைப் படிக்கிற பிள்ளையும் கிளாரினெட் படிக்கிற பிள்ளையும் வேற வேற பொருளைத்தான் பாக்குறாங்க, ஆளுக்கு ஒரு சொல்லு இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல. பிணைப்பான்ங்கிறதை நான் தள்ளுறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கேட்டா எதையும் நினைக்கலாம், கதவுக் கீல், குழாய் இணைப்பு, வேதியியல்னு எங்கெங்கேயோ போயிடும், கையில எடுத்துப் பாக்கிற ஒரு வளையம் கண்ணு முன்னாடி வராது.

இப்ப பொருளுக்கு வர்றேன். ஆரம்ப கால கிளாரினெட்ல ரீடை நூலால சுத்தித்தான் கட்டினாங்க. திருகாணி வச்ச உலோக லிகேச்சரை 1800களோட முதல் கால்வாசியில கொண்டு வந்தவர்னு இவான் முல்லரைச் சொல்லுவாங்க, விரலால அழுத்துற சாவி 13 வச்ச கிளாரினெட்டை 1812ல பாரிஸ் கன்சர்வேட்டரி இசைப்பள்ளிக்கு எடுத்துட்டுப் போயி, அவங்க வேண்டாம்னு சொன்னாங்களே, அதே முல்லர்தான். அடால்ஃப் சாக்ஸ் 1846ல சாக்ஸபோனுக்கு காப்புரிமை வாங்கினப்ப உலோக லிகேச்சர் ஏற்கெனவே வந்தாச்சு. ஆனா நூல் போயிடல, ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் பல பேரு இன்னிக்கும் நூல்தான் சுத்துறாங்க, அங்கத்து மவுத்பீஸ்ல நூல் வழுக்காம நிக்கிறதுக்கு சுத்திலும் வரிவரியா வெட்டியே வச்சிருப்பாங்க. அந்த நூலுக்கு ஜெர்மன்ல பிளாட்ஷ்னூர்னு பேரு, பிளாட்னா ரீடு, ஷ்னூர்னா நூல், அவ்வளவுதான்.

இதை வச்சுத்தான் பூண் நிக்காதுன்னு சொல்றேன். பூண்ங்கிறது அருமையான சொல்லு, உலக்கைக்குப் பூண் போட்டிருப்பாங்க, கைத்தடிக்குப் போடுவாங்க, எல்லா ஊர்லயும் புரியும். ஆனா பூண்னா உலோகம், அதுவும் அடிச்சு ஏத்தினா திரும்ப வராது. லிகேச்சர் ஒவ்வொரு நாளும் கழட்டி மாட்டுற பொருள். நூல்ல உண்டு, தோல்ல உண்டு, துணியில உண்டு, செயற்கை இழையில உண்டு. ரோவ்னர் கம்பெனி லிகேச்சரைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது பட்டையா மெத்துன்னு முழு ரீடையும் சுத்திக்கிட்டுப் படியும், அதைப் பூண்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. சில்வர்ஸ்டைன் கம்பெனி கயிறு மாதிரி இழையையே சுத்தி விக்குது. பூண்னு வச்சுட்டா பாதி லிகேச்சர் பேருக்கு வெளியே போயிடும்.

கவ்விக்கு ஆதரவா எழுதின தங்கை சொன்னது போல அது சின்னதா இருக்கு, உடனே புரியுது, உண்மைதான். ஆனா எனக்கு இருக்கிற பெரிய தயக்கமே அதுலதான். கவ்வின்னு கேட்ட உடனே பிள்ளைங்க திருகாணியை இறுக்கு இறுக்குன்னு இறுக்குவாங்க. இப்பவே அதுதான் நடக்குது, பிளையர் வச்சு இறுக்கினவங்களையும் பாத்திருக்கேன். லிகேச்சர் ரீடைக் கவ்வவே கூடாது. ரீடு பக்கவாட்டுல நழுவக் கூடாது, அடிப்பக்கம் மவுத்பீஸோட ஒட்டி இருக்கணும், அவ்வளவு பிடி போதும், அதுக்கு மேல ஒரு சுத்து இறுக்கினாலும் ரீடு குழிஞ்சு நடுவுல வளையும், ஓரத்துல காத்து கசியும், அப்புறம் கீச்சு கீச்சுன்னு கத்தும். வாசிக்கிறவங்க ரீடு சரியில்லன்னு தூக்கிப் போடுவாங்க, ரீடு மேல தப்பே இருக்காது. ரெண்டு திருகாணி இருந்தா ரீடோட நுனிப் பக்கத்துத் திருகாணியை லேசா விட்டு, கீழ்ப்பக்கத்துத் திருகாணியை மட்டும் கொஞ்சம் பிடிப்பா வைக்கணும்னு நிறைய ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறதும் இதனாலதான். இந்த நிலைமையில பேருலயே கடிக்கிற பொருளை வச்சுட்டா நாமளே தப்பைக் கத்துக்கொடுத்த மாதிரி ஆயிடும். இறுக்கின்னு ஒருத்தர் எழுதினதுக்கும் இதே பதில்தான்.

அடுத்து சீவாளிக்கட்டு. எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான், ஏன்னா நாகஸ்வரத்துல வாயில வச்சு ஊதுற சீவாளியிலேருந்து வருது. ரீடுக்கு ஒத்தைச் சீவாளின்னு போன தடவை நாம ஒத்துக்கிட்டதும் சரியான முடிவுன்னு இன்னமும் நினைக்கிறேன், அதுவும் நாணல் தட்டையைச் சீவித்தானே ஆகுது. ஆனா நாகஸ்வரத்துச் சீவாளியில நூலால கட்டுற கட்டு இருக்கு பாருங்க, அது சீவாளி செய்யிறவங்க வேலை. கட்டினது கட்டினதுதான், வாசிக்கிறவர் ஒவ்வொரு கச்சேரிக்கும் அதைப் பிரிச்சுக் கட்டுறதில்ல, சீவாளி சரியில்லன்னா வேற சீவாளியை மாத்திடுவாரு. ஓபோங்கிற மேனாட்டு ஊதுவாத்தியத்தோட ரீடும் அப்படித்தான். லிகேச்சர் அதுக்கு நேர் எதிர், அது கழட்டுறதுக்குன்னே இருக்கு. சீவாளிக்கட்டுன்னு வச்சா, நாகஸ்வரக்காரங்க ஏற்கெனவே செய்யிற ஒரு வேலையோட பேரை எடுத்து வேற பொருளுக்குக் குடுத்த மாதிரி ஆகும், ரெண்டு பேரும் ஒரே மேடையில நிக்கிற ஊர்ல இது குழப்பம். நம்ம ஊர்ல அப்படி நிக்கிறாங்கதானே, சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கிற சின்னமேளத்துல கிளாரினெட் வந்து எவ்வளவு காலம் ஆச்சு, நாகஸ்வரம் படிச்ச ஏ.கே.சி. நடராஜன் அதே கிளாரினெட்டைத் தனிக் கச்சேரி வாத்தியமா நிறுத்தி சங்கீத கலாநிதி வரைக்கும் போனாரு. சாக்ஸபோனைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டு வந்த கத்ரி கோபால்நாத்தும் நாகஸ்வரக்காரர் பிள்ளைதான். அதனால சொல்லு நாகஸ்வரக்காரங்க காதுக்கு இடறக் கூடாதுங்கிறது எனக்கு ரொம்ப முக்கியம்.

இப்ப கச்சை. சுத்திக் கட்டுற பட்டை, இறுக்கலாம், தளர்த்தலாம், அவிழ்க்கலாம். துணியிலயும் தோல்லயும் உலோகத்துலயும் இருக்கலாம், அரைக்கச்சை இடைக்கச்சைன்னு கூத்துல, ஆட்டத்துல, சிலை வர்ணனையில எல்லாம் வர்ற சொல்லுதான். முக்கியமா அதோட வர்ற வினைச்சொல்லைப் பாருங்க, கச்சையைக் கட்டுறோம், கச்சையைத் தளர்த்துறோம், கச்சை நழுவுது. லிகேச்சரைப் பத்திப் பேசுறப்ப வேணுங்கிறது இந்த மூணும்தான். கச்சை கட்டினவன் மூச்சு விடணும், ஓடணும், ஆடணும், அதுக்குத் தக்கபடிதான் கட்டுவான், லிகேச்சரும் ரீடை ஆட விடணும்.

> கச்சைன்னா கோவணம், மார்க்கச்சைன்னு நினைச்சு வகுப்புல சிரிப்பாங்களே

சிரிக்கட்டும், ரெண்டு வாரத்துல பழகிடும். பரதநாட்டியம் ஆடுறவங்க சலங்கையைக் கச்சைன்னும் சொல்றது உண்டு, யாரும் சிரிக்கிறதில்ல. தனியா கச்சைன்னு வைக்கத் தயங்கினா ரீடுகச்சைன்னு வச்சுக்கலாம், எழுத்துத் தமிழ்ல சீவாளிக்கச்சை.

கூட்டுச்சொல் வருதான்னு பாக்கிறதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் உண்மையான சோதனை. கடையில போய் லிகேச்சர் வாங்குறவங்க பேசுற பேச்சை இதுல பேசிப் பாக்கிறேன்.

முதல்ல அளவு. பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு அளவு, ஜெர்மன் கிளாரினெட் மவுத்பீஸ் ஒல்லி, அதுக்கு வேற. ஆல்டோ சாக்ஸபோன்ல எபோனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸ் பருமனா இருக்கும், உலோக மவுத்பீஸ் மெலிசு, ஒண்ணுக்கு வாங்கின கச்சை இன்னொண்ணுல லொடலொடன்னு ஆடும். மவுத்பீஸைக் கையில எடுத்துட்டுப் போகாம கச்சை வாங்கவே கூடாது, ஆன்லைன்ல வாங்குறவங்க மவுத்பீஸ் பேரு, மாடல், எபோனைட்டா உலோகமான்னு மூணையும் சரிபாத்துட்டு வாங்கணும். காசு அதிகமா வீணாகுறது இந்த இடத்துலதான்.

அப்புறம் திருகாணி எந்தப் பக்கம். வழக்கமான கச்சையில திருகாணி ரீடு இருக்கிற அடிப்பக்கம் வரும், மேல்பக்கம் வர்றதை மறுபுறக் கச்சைன்னு சொல்லலாம். மறுபுறக் கச்சையில ரீடுமேல வளையத்தோட உடம்பு படியுது, திருகாணி ரீடை விட்டு விலகி இருக்குது.

அப்புறம் தொடுற இடம், ருசியான விஷயமே இதுதான். பொனாட் வகையில நீளவாக்குல ரெண்டு வரம்பு மட்டும் ரீடைத் தொடும். வாண்டோரன் ஆப்டிமம்ல மூணு மாத்துத் தகடு குடுக்கிறாங்க, எந்தத் தகட்டைப் போடுறமோ அதுக்கேத்த மாதிரி தொடுற இடம் மாறும். தோல்கச்சையும் துணிக்கச்சையும் முழுசாப் படியும். கொஞ்சமாத் தொட்டா ரீடு சீக்கிரம் பேசும், சத்தத்துல பளிச்சுன்னு ஒரு ஓரம் வரும், முழுசாப் படிஞ்சா கொஞ்சம் மெத்துன்னு வரும்னு வாசிக்கிறவங்க சொல்றாங்க. இந்த வித்தியாசம் வாசிக்கிறவங்க வாய்க்கும் காதுக்கும் தெரியிற அளவுக்கு கீழ உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாதுங்கிறது என் எண்ணம், ரீடும் மவுத்பீஸும் குடுக்கிற மாற்றத்துக்கு முன்னாடி கச்சை குடுக்கிறது சின்னதுதான். அதனால கையில காசு குறைவா இருக்கிற மாணவன் முதல்ல நல்ல மவுத்பீஸ் வாங்கணும், அப்புறம் நல்ல ரீடு, கச்சை கடைசி.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை உண்டு, ஆசிரியர்கள் பல பேரு செய்யச் சொல்றது. கச்சையே போடாம கட்டைவிரலால ரீடை மவுத்பீஸோட சேர்த்துப் பிடிச்சு, இடது கையில மட்டும் எடுக்கிற சுரத்தை ஊதிப் பாருங்க. அதுல வர்ற நாதம் கச்சை போட்டப்ப மங்கினா, கச்சை மாத்தறதுல பலன் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா காசை மிச்சம் பிடிக்கலாம். இன்னொண்ணு, மவுத்பீஸோட அடிவாயை உள்ளங்கையால மூடி நுனியில காத்தை உறிஞ்சினா ரீடு கொஞ்ச நேரம் ஒட்டி நின்னு டப்புன்னு விடணும். ஒட்டவே இல்லன்னா ரீடோ மவுத்பீஸோட தட்டையான இடமோ கோணி இருக்கும், அதை எந்தக் கச்சையும் சரி பண்ணாது.

கமகம், அதாவது சுரத்தை அசைச்சு இழைச்சு வாசிக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. உதடும் தாடையும் ஓயாம இடம் மாறிக்கிட்டே இருக்கும், வேர்வை வேற வழியும், ரீடு பக்கவாட்டுல இம்மி நகர்ந்தாலும் இடையில தொட்டுட்டுப் போற அனுசுரம் வழுக்கும். அதனால நழுவாத பிடிதான் நமக்கு முதல்ல, மத்த நயமெல்லாம் அப்புறம். தோல்கச்சை நாளாக ஆக நீண்டு கொடுக்கும், அதை அடிக்கடி பாத்துக்கணும். உலோகக்கச்சையை மவுத்பீஸ் இல்லாம வெறுமனே திருகி வச்சா வளையம் கோணிடும். எதுவானாலும் கச்சையை முதல்ல மவுத்பீஸ்ல ஏத்திட்டு அப்புறம் ரீடோட தடிச்ச முனையை மேலேருந்து, அதாவது மவுத்பீஸ் நுனிப் பக்கத்துலேருந்து செருகுங்க, மாத்திச் செஞ்சா ரீடு நுனி உடையும். கச்சை ரீடோட தோல் இருக்கிற பாகத்துல நிக்கணும், சீவின பாகத்துல ஏறவே கூடாது, நிறைய மவுத்பீஸ்ல அதுக்குக் கோடே போட்டிருக்கும்.

இவ்வளவையும் கச்சைங்கிற ஒரே சொல்லை வச்சு எழுத முடிஞ்சுது, எங்கேயும் லிகேச்சர்னு திரும்பிப் போக வேண்டி வரல. பூணோ கவ்வியோ வச்சு இதே பத்திகளை எழுதிப் பாருங்க, நூலும் தோலும் வர்ற இடத்துல பூண் இடிக்கும், பிடியைத் தளர்த்தச் சொல்ற இடத்துல கவ்வி இடிக்கும்.

நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு என் முன்மொழிவு: சீவாளிக்கச்சை, ஒத்தைச் சீவாளி வாத்தியத்துல சீவாளியை மவுத்பீஸோட சேர்த்துப் பிடிக்கிற, கழட்டி மாட்டக்கூடிய சுத்துப்பட்டை. பேச்சுல கச்சை. கிளைச்சொல்லு நூல்கச்சை, தோல்கச்சை, உலோகக்கச்சை, மறுபுறக் கச்சை.

முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு வாத்தியம் வாசிக்கிற கிளாரினெட்காரங்களை திருச்சி தஞ்சாவூர் பக்கத்துல இருக்கிறவங்க யாராவது நேர்ல கேட்டு எழுதுங்க. தலைமுறையா தினம் அதைக் கழட்டி மாட்டுறவங்க அவங்கதான். அவங்க வாயில ஏற்கெனவே ஒரு சொல்லு இருந்தா நான் கச்சையை அப்படியே விட்டுட்டு அதுக்கு ஓட்டுப் போடுறேன்.