ஓய்வு பெற்ற சாம்பியன் மறுபடியும் பந்தயத்துக்கு வரலாமா?

கேள்வி: ஒன்பதாம் வளைவு, பொள்ளாச்சி

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஐந்து பேர் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை சைக்கிளில் போய் வருகிறோம். கால் நன்றாக இருந்தால் வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை ஏறுவோம். போன வாரம் அணைக்குப் பக்கத்துக் கடையில் டீ குடிக்கும்போது ஒரு பேச்சு எழுந்தது. இன்னும் முடியவில்லை.

நெதர்லாந்தின் அன்னா வான் டெர் பிரெஹனைப் பற்றித்தான் பேச்சு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம், 2018-லும் 2020-லும் உலகப் பட்டம், எல்லாம் வென்று 2021 முடிவில் 31 வயதில் ஓய்வு பெற்றார். மூன்று ஆண்டுகள் தன் அணிக்கே இயக்குநராக இருந்து, காரிலிருந்து மற்றவர்களுக்கு வழி சொன்னார். 2025-இல் அதே அணிக்கு வீராங்கனையாகத் திரும்பினார். எங்களில் ஒருவர், "உச்சியிலிருந்து நல்லபடியாக இறங்கியவர் எதற்காக மறுபடியும் ஏற வேண்டும்? லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓய்வுக்குப் பிறகு சைக்கிள் பந்தயத்துக்குத் திரும்பி வந்து என்ன ஆனார் என்று பார்த்தோமே" என்றார். ஆசை மிச்சமிருந்தால் ஓட்டட்டும், தடுப்பதற்கு நாம் யார் என்றேன் நான்.

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களோடு வரும் அண்ணன் ஒருவர் ஒரு காலத்தில் மாநில அளவில் ஓட்டியவர். வயது 39. இந்த ஆண்டு மறுபடியும் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் வாதிட்ட நேரம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். அவர் முன்னால் நாங்கள் இப்படிப் பேசியிருக்கக் கூடாதோ என்று மனது உறுத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சிறுவாணித் தண்ணீர், கோவை

வரக் கூடாது என்பதுதான் என் எண்ணம். பெர்னார் இனோ, பிரான்ஸைச் சுற்றும் மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்றவர். 32 வயதில் நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொன்னார். 1986 நவம்பரில் 32 முடிந்தது, நிறுத்தினார். அந்த ஆண்டு டூரில் இரண்டாம் இடம் பிடித்த கால்கள் அவை. அவர் பேச்சுக்கு இன்றைக்கும் இருக்கும் எடைக்கு அதுவும் ஒரு காரணம். எடி மெர்க்ஸும் ஐந்து முறை வென்றவர்தான். அவர் தள்ளிப்போட்டார். 1977 டூரில் ஆறாவதாக வந்தார், அடுத்த ஆண்டு விலகினார். மூன்று வாரப் பந்தயத்தில் ஒரு நாள் நன்றாக ஓட்டுவது பெரிதில்லை. மறுநாள் காலையில் கால் எழுந்திருக்க வேண்டும். வயது அங்கேதான் கணக்கைக் கேட்கும்.

பதில் 2: கோட்டம் எடுப்பவன், பெருந்துறை

நான் பெருந்துறையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. எனக்கு வயது 53.

கோவைக்காரர் வயதைச் சொன்னார். எனக்கு வயது பெரிதாகத் தெரியவில்லை. ஸ்பெயினின் வால்வெர்தே 2018-இல் உலகப் பட்டம் வென்றபோது 38. அமெரிக்காவின் கிறிஸ் ஹார்னர் 2013-இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தை வென்றபோது 41. கால் இருந்தால் ஓட்டட்டும். திரும்பி வருகிறவருக்காக எதிர்காற்றை யார் நெஞ்சில் தாங்குவது? நான் கேட்பது அதை மட்டும்தான். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

1995, ஆடிப் பதினெட்டு. எங்கள் பக்கத்து இளைஞர்கள் சைக்கிள் போட்டி வைத்தார்கள். பெருந்துறையில் கிளம்பி ஈரோடு போய்த் திரும்ப வேண்டும். ஊருக்கு நான்கு பேர் கொண்ட அணி. என் தாய்மாமன் முன்பு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவர். கல்யாணமாகி, தறி போட்டு, ஆறு ஆண்டுகள் வண்டியைத் தொடவில்லை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைக்கு வந்து, "மாப்பிள்ளை, என் வண்டியைத் தயார் செய்" என்றார். அவருக்கு 36 வயது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சின்ன வயதில் அவர் ஜெயித்து வரும்போது தோளில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போனவன் நான். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வண்டி. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கழற்றி, பால்ரஸ் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்து இரவு பதினொரு மணிக்கு முடித்தேன்.

அந்த ஆண்டு எங்கள் அணியில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். விடியற்காலை பால் ஊற்றிவிட்டு அப்படியே சென்னிமலை வரை ஓட்டிப் பழகியவன். இந்த முறை அவன்தான் என்று ஊருக்கே தெரியும். மாமா வந்ததும் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அதுவாகவே மாறிவிட்டது. "அண்ணன் பின்னால் வரட்டும், நாம் முன்னால் போவோம்" என்று அந்தப் பையனே சொன்னான்.

ஆடிக்காற்றைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று ஈரோட்டுக்குப் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டினால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். அந்தப் பங்கை முன்னால் போகிறவன்தான் கொடுத்தாக வேண்டும். நான் டி.வி.எஸ். 50-இல் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். மற்ற இருவரும் திண்டலில் விழுந்துவிட்டார்கள். அதன் பிறகு பையன் ஒருவனே முன்னால். அவன் சட்டையின் முதுகில் உப்புப் பூத்திருந்தது. மாமா ஒரு முறைகூட முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது பழக்கம்; அவர் ஜெயித்த மூன்று ஆண்டுகளிலும் யாராவது ஒருவன் முன்னால் ஓட்டியிருந்தான். கடைசி இரண்டு கிலோமீட்டரில் மாமா சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார். கால் வரவில்லை. நான்காவதாக வந்தார். பையன் பதினொன்றாவது.

மறுநாள் அவன் பின்சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். ரிம் கோட்டம். மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம்மின் ஓரமாகச் சாக்பீஸைப் பிடித்தேன். கோணலான இடத்தில் மட்டும் வெள்ளை படும். அந்த இடத்துப் போக்ஸ் கம்பியை மட்டும் இறுக்கினால் சக்கரம் வேறு பக்கம் கோணும். வெள்ளை பட்ட பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இளக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, மறுபடியும் சுற்றிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஆனது. அவன் ஒன்றும் பேசாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அடுத்த ஆடிக்கு நீதான்டா" என்றேன். "பார்க்கலாம் அண்ணா" என்றான். அடுத்த ஆடிக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை.

ஏழு டூர் பட்டங்களோடு 2005-இல் ஓய்வு பெற்ற ஆம்ஸ்ட்ராங் 2009 டூர் டி பிரான்ஸில் திரும்பி வந்தபோது எனக்கு இந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவர் சேர்ந்த அஸ்தானா அணியில் ஏற்கெனவே அல்பெர்த்தோ கொந்தடோர் இருந்தார். 2007-இல் டூர், 2008-இல் இத்தாலி, ஸ்பெயின் சுற்றுப் பந்தயங்களும் வென்று உச்சத்தில் இருந்தவர். மூன்றாம் நாள், மார்செயிலிருந்து லா கிராண்ட் மோத் போகும் கட்டத்தில், பக்கக்காற்றில் கூட்டம் பிளந்தது. ஆம்ஸ்ட்ராங் முன்கூட்டத்தில், கொந்தடோர் பின்கூட்டத்தில். முன்னால் இருந்த அஸ்தானாவின் துணை வீரர்கள் இருவர் காத்திருக்கவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார்கள். கொந்தடோருக்கு ஏறக்குறைய 40 விநாடி போனது, தன் அணிக்காரர்களாலேயே. பிறகு அவர் மலையில் எல்லாரையும் உதறிவிட்டுப் பட்டத்தை வென்றார், ஆம்ஸ்ட்ராங் மூன்றாவதாக வந்தார். கொந்தடோருக்கு அந்தக் கால் இருந்தது. அது இல்லாத எத்தனை பேர் இப்படிப் பின்கூட்டத்தில் விடப்பட்டார்களோ.

ஊக்கமருந்து தனிக் கணக்கு. 2012 அக்டோபரில் 1998 ஆகஸ்டுக்குப் பிறகு ஆம்ஸ்ட்ராங் பெற்ற எல்லா இடங்களையும் அழித்தார்கள். 2009-இன் மூன்றாம் இடமும் போயிற்று. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டபோது, திரும்பி வந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். வராமல் இருந்திருந்தால் இப்படி உட்கார்ந்து பேச நேர்ந்திருக்காதாம். அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது அகப்பட்டுக்கொண்ட வருத்தம். ஏழு ஆண்டுகள் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த நேர்மையான பையன்களை நினைத்து வந்த வருத்தமாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் வான் டெர் பிரெஹன் வந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மூன்று ஆண்டுகள் காரில் உட்கார்ந்து, யார் எவ்வளவு உழைத்துவிட்டுப் பெயர் இல்லாமல் வந்து சேர்கிறார்கள் என்று பார்த்தவர் அவர். அவரிடம் பயிற்சி பெற்ற டெமி வொல்லெரிங் வேறு அணிக்குப் போய், இத்தாலியில் நடக்கும் ஸ்திராதே பியாங்கே பந்தயத்தில் 2025-இல் சியென்னா நகரத்துக் கடைசி ஏற்றத்தில் அவரையே விட்டுவிட்டு முன்னேறினார். குரு இரண்டாம் இடம், சிஷ்யை முதலிடம். யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிற்காமல் நடந்த பந்தயம் அது. இப்படித் திரும்பி வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், தாராளமாகப் பெயர் கொடுக்கட்டும். பழைய நாற்காலியை மட்டும் கேட்க வேண்டாம். முதல் பந்தயத்தில் சின்னப் பையன் ஒருவனுக்கு முன்னால் போய்க் காற்றை வாங்கட்டும். பிறகு தனக்குக் கால் இருந்தால், அந்தப் பையனே வழி விடுவான்.

பதில் 3: மலையடிவாரம், திருச்செங்கோடு

பெருந்துறை அண்ணா, படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பந்தயத்திலும் யாரோ ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்குவதில்லை. நான் பல்கலைக்கழக அளவில் தனிநேரப் பந்தயம் ஓட்டியவள். இப்போது பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. தனிநேரப் பந்தயத்தில் நீங்களும் கடிகாரமும் மட்டும்தான்.

அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள், லான்ஸுக்கு உறவில்லை. 2008 பெய்ஜிங்கில் தனிநேரப் பந்தயத்தில் தங்கம் வென்று, அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். 2010-இல் மகன் பிறந்தான். திரும்பி வந்தார். 2012 மே மாதம் விழுந்து காறை எலும்பு முறிந்தது, ஆகஸ்டில் லண்டனில் தங்கம். மறுபடியும் ஓய்வு, மறுபடியும் வருகை. 2016 ரியோவில் மழையில் ஓட்டி மூன்றாவது தங்கத்தை வாங்கியபோது, மறுநாள் அவருக்கு 43 வயது நிறைவு. அந்தப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கியவர் யார் தெரியுமா? இதே அன்னா வான் டெர் பிரெஹன். ஓய்வு பெற்றுத் திரும்பிய ஒரு தாயிடம் 26 வயதில் தோற்றவர் அவர்.

குழந்தை பிறந்த பிறகு நான் சைக்கிளில் ஏறியபோது, இனிமேல் எதற்கு என்று கேட்காதவர் எங்கள் ஒரம்பரையில் ஒருவர்கூட இல்லை. ஆண்கள் திரும்பி வந்தால் அதைப் பெருமை என்கிறார்கள். எங்களுக்கு ஓய்வு என்பதே பல நேரம் நாங்கள் கேட்டு வாங்கியது இல்லை. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பதில் 4: கோட்டம் எடுப்பவன், பெருந்துறை

நீங்கள் சொன்னது சரி, அம்மணி. அதை நான் யோசிக்கவே இல்லை. தனிநேரப் பந்தயத்திலும் அணியில் இடம் என்னவோ எண்ணித்தான் கொடுக்கிறார்கள். ரியோவுக்குக் கிறிஸ்டினைத் தேர்ந்தெடுத்ததை எதிர்த்து அவர் நாட்டு வீராங்கனைகளே முறையிட்டார்கள். ஆனால் கடைசியில் கடிகாரம் அவர் பக்கம்தான் பேசியது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் ஓட்டுவதை நிறுத்த வேண்டாம்.

பதில் 5: ஒன்பதாம் வளைவு, பொள்ளாச்சி

எல்லாருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அண்ணனுக்கு அனுப்பினேன். மாலையில் அவரே கூப்பிட்டார். போட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று அவரிடம் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

பதில் 6: கோட்டம் எடுப்பவன், பெருந்துறை

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறான். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்குச் சைக்கிளில்தான் போகிறாள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த வண்டியை டெம்போவில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுவருவான். காங்கேயத்தில் கடை இல்லாமல் இல்லை. நான் கோட்டம் எடுத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். போன தடவை வந்தபோது, "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது அண்ணா?" என்று கேட்டான். ஆடி மாதம். மேற்கே கை காட்டினேன்.