உதவி தேவை: சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது

வைகைக்கரை:
மூன்று மாதங்களாக எதைச் சாப்பிட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பிப் பொருமுகிறது. சில நாட்களில் இளக்கமாகவும் போகிறது. பருப்பையும் கிழங்கையும் நிறுத்திப் பார்த்துவிட்டேன்; ஓமத் தண்ணீரும் பலன் தரவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணைவாசி:
ஐயா, தங்கள் வயது என்ன, வேறு நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எடை குறைந்திருக்கிறதா, மலம் கறுத்தோ இரத்தம் கலந்தோ போகிறதா என்று எதையுமே எழுதாமல் காரணம் கேட்டால் எப்படிச் சொல்வது?

டிகாக்‌ஷன்:
என் கணிப்பு பால்தான். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி நம்மில் பலருக்கு வளர வளரக் குறைந்துவிடுகிறது. பத்து நாள் கடுங்காப்பி குடித்துப் பாருங்கள். தயிரை விட வேண்டியதில்லை. உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி புளித்துப் போய்விடும்.

கம்பங்கூழ்:
பாலில்லை, கோதுமை. இன்றே சப்பாத்தியை நிறுத்துங்கள்.

செம்பருத்தி (மூத்த உறுப்பினர்):
பழைய இழைகளைப் படிக்கும் வழக்கமே இங்கு யாருக்கும் இல்லை. கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய் என்று ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு முன்பு கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோயே இல்லை என்று முடிவு வரக்கூடும் என நான் எத்தனை முறை எழுதுவது? குழம்பில் பெருங்காயம் சேருங்கள், போதும்.

கம்பங்கூழ்:
தாங்கள் சொல்லும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறதே, டப்பாவைத் திருப்பிப் படித்ததுண்டா?

செம்பருத்தி:
ஒரு சிட்டிகைத் தூளையும் நான்கு சப்பாத்தியையும் ஒரே தராசில் வைப்பவரிடம் என்ன பேசுவது? கட்டிப் பெருங்காயம் வாங்கிக்கொள்ளலாம்.

கம்பங்கூழ்:
கட்டியிலும் மாவு சேர்ப்பதுண்டு.

வைகைக்கரை:
நான் ஐயா அல்ல. 54 வயதுப் பெண். சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதங்களுக்கு முன்பு, மெட்ஃபார்மினோடு வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரைக்கு மருத்துவர் மாற்றினார். அதற்கும் வயிற்றுக்கும் தொடர்பிருக்காது என்று எண்ணிச் சொல்லவில்லை. எடை குறையவில்லை, இரத்தமும் இல்லை. இனிப்புக்குச் சர்க்கரையில்லாத பிஸ்கட் மட்டும் தினமும் நான்கைந்து.

மருந்துக்கடைக்காரன்:
அம்மா, இதை முதலிலேயே எழுதியிருந்தால் பெருங்காயச் சண்டை மிச்சமாகியிருக்கும். வோக்லிபோஸ் சிறுகுடலில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது; அப்படி உடையாமல் பெருங்குடலுக்குப் போவதை அங்குள்ள நுண்ணுயிரிகள் புளிக்கவைப்பதால்தான் வாயு உண்டாகிறது. மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும். அந்த பிஸ்கட்டில் மால்டிடால், சார்பிடால் என்ற இனிப்பூட்டிகள் போட்டிருந்தால் அவையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடமே சொல்லுங்கள். ஐம்பதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாக வந்து நீடிக்கும் உப்புசமென்றால் சூலகத்தையும் பார்ப்பது முறை என்பதால், ஸ்கேன் தேவையா என்றும் கேட்டுவிடுங்கள்.

செம்பருத்தி:
மாத்திரையாகத்தான் இருக்கும் என்று நான் முதலிலேயே நினைத்தேன்.

திண்ணைவாசி:
நினைத்ததை எழுதியிருக்கலாமே.

வைகைக்கரை:
மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், பிஸ்கட்டை நிறுத்திவிட்டேன். முக்கால்வாசி குறைந்திருக்கிறது. ஸ்கேன் திங்கட்கிழமை. நன்றி.

கம்பங்கூழ்:
பெருங்காயம் எந்த வகை வாங்கினீர்கள்?