இறக்குமதி ஆடம்பர உடைகளுக்கான வரி யாருக்கு நன்மை?

கேள்வி: வெளிநாட்டு ஆடம்பர உடைகளுக்கு வரியை உயர்த்தும்போதெல்லாம் உள்நாட்டு நெசவாளரைக் காப்பதற்கே என்கிறார்கள். வாங்கும் சக்தி மிகுந்தவர் அந்த வரியையும் கொடுத்துவிடுவாரே, பிறகு நெசவாளருக்கு என்ன கிடைக்கிறது?

பதில் 1: நெசவாளரின் அழுத்தம் சட்டமானதற்குச் சான்று உண்டு. இந்திய அச்சுப் பருத்தித் துணிகளைப் பிரான்சு 1686இல் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. இடையில், 1719இல், வேலையிழந்த லண்டன் நெசவாளர்கள் அத்துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். அவர்களின் பசி உண்மையானது. ஆனால் அடிபட்டது இறக்குமதியாளர் அல்ல, உடுத்தியவர்தான் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

பதில் 2: வரி விகிதங்களைப் பாருங்கள். அமெரிக்கச் சுங்கப் பட்டியலில் காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டருக்கு அடிப்படை வரி 4 சதவீதம், செயற்கை இழை ஸ்வெட்டருக்கு 32 சதவீதம். மலிவான உடையைத் தயாரிக்கும் ஆலைகள் பாதுகாப்புக் கேட்டுப் போராடியதால், செல்வந்தரின் உடை தப்பியது, ஏழையின் உடைமீது சுமை ஏறியது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் "ஆடம்பர வரி" என்ற பெயரை நம்பாமல், எந்த இழைக்கு எத்தனை சதவீதம் என்று பட்டியலிலேயே பார்க்கிறேன்.