தாரமங்கலம் கோயிலின் அழகுக்கு மதிப்பெண் போட முடியுமா?

கட்டடக்கலை மாணவி, சேலம்:
தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை ப்ராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறேன். பழைய கட்டடங்களின் அழகைக் கணிதத்தால் அளப்பதுதான் தலைப்பு. கோபுரத்தைச் செல்போனில் படமெடுத்து அதன்மேல் தங்க விகிதச் செவ்வகத்தை (நீளம் அகலத்தைப் போல 1.618 மடங்கு) போட்டுப் பார்த்தேன், ரெண்டு மூன்று இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் கைடு, மற்ற கோயில்களோடு ஒப்பிடுகிற மாதிரி ஒரே ஒரு எண் வேண்டும் என்கிறார். பிர்க்காஃப் சூத்திரம், ஃப்ராக்டல் பரிமாணம் (உருவத்தில் நுணுக்கம் எவ்வளவு அடர்த்தி என்பதற்கான எண்) என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. எதை எடுக்கலாம்?

கணக்கு வாத்தியார், ஓமலூர்:
தங்க விகிதத்தை விட்டுவிடும்மா. கோபுரத்தில் அத்தனை விளிம்பு இருக்கிறது, எந்த ரெண்டு கோட்டை எடுப்பது என்பது உன் கையில் இருக்கும்போது 1.618 எங்கேயாவது மாட்டத்தான் செய்யும். ஏதென்ஸில் இருக்கிற பழைய கிரேக்கக் கோயில் பார்த்தினானையும் இதற்கு உதாரணமாகச் சொல்லுவார்கள், ஆனால் அதன் மேடை ஏறக்குறைய 30.9 மீட்டருக்கு 69.5 மீட்டர், அதாவது 4:9, தங்க விகிதம் இல்லை. அப்புறம் கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்தால் மேலே போகப் போகக் கோபுரம் குறுகித் தெரியும், அந்தப் படத்தில் எடுத்த விகிதம் எதற்கும் ஆகாது.

பிர்க்காஃப் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1933-ல் சொன்னது ஒழுங்கைச் சிக்கலால் வகுப்பது. 90 பலகோணங்களை வரிசைப்படுத்தினார், முதலிடம் சதுரத்துக்கு! அந்தக் கணக்குப்படி சிற்பம் கூடக் கூடச் சிக்கல் கூடும், மதிப்பெண் குறையும். தாரமங்கலத்துத் தூண்களுக்கு இதைப் போட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசி. ஃப்ராக்டல் பரவாயில்லை, ஆனால் வெயில் சாய்ந்து நிழல் மாறினாலே எண் மாறும், ஒரே நேரத்தில் ஒரே தூரத்தில் எல்லாக் கோயிலையும் எடுத்தால்தான் ஒப்பீடு.

கல் வேலைக்காரன்:
எங்கள் ஆட்கள் அளவே இல்லாமல் செய்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலைக்கான அளவு முறைக்குத் தாளம் என்று பெயர். உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலம், நவதாளம் என்றால் 108. இந்த அங்குலம் கடை டேப்பில் இருக்கிற இஞ்ச் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய பங்கு. சிலை சிறிதானால் அங்குலமும் சிறிதாகும். இது அழகுக்கான விகிதம், இதை அளக்கலாம்.

ஆயாதியை, அதாவது கட்டடத்தின் அளவு நல்லதா என்று பார்க்கிற சாஸ்திரக் கணக்கை, மட்டும் அழகுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், நிறையப் பேர் சேர்க்கிறார்கள். அதில் யோனி என்று ஒரு கணக்கு, அதற்குச் சுற்றளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து மீதியைப் பார்ப்போம். சுற்றளவு 91 என்றால் மீதி 1, நல்லது. 92 என்றால் மீதி 4, ஆகாது. அந்த ஒன்று எந்தக் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. அது பொருத்தம் பார்ப்பது, ஜாதகம் மாதிரி.

தாரமங்கலத்துக்காரன்:
எல்லாரும் கோபுரத்தையே சுற்றுகிறீர்கள். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய மண்டபத்துக்குள்ளே போங்க. ராமர் தூண் பக்கம் நின்றால் வாலி தெரிவான், வாலி பக்கம் போய் நின்றால் ராமர் தெரிய மாட்டார். ஊருக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவதே இதைத்தான். இதை எந்த மதிப்பெண்ணில் சேர்ப்பீர்கள்?

கணக்கு வாத்தியார், ஓமலூர்:
ஆகா, இதை எடும்மா! பார்வைக் கோடு இருவழிப் பாதை. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்று தெரிந்தால் அங்கிருந்து இதுவும் தெரிந்தே ஆக வேண்டும். அப்படியிருந்தும் ஒருவழிதான் தெரிகிறது என்றால், பார்க்கிற கண் சிலையின் இடத்தில் இல்லை என்று அர்த்தம். நாம் நிற்கிற இடம் ஒரு புள்ளி, சிலை இன்னொரு புள்ளி, ராமர் பக்கம் வாலி பக்கம் ரெண்டுக்கும் சேர்த்து மொத்தம் நாலு. நடுவிலுள்ள தூண் ஒரு ஜோடியை மறைக்கிறது, இன்னொரு ஜோடியை விட்டுவிடுகிறது.

இதற்கு ஐசோவிஸ்ட் என்றே ஒரு முறை இருக்கிறது, 1979-ல் பெனடிக்ட் கட்டுரை எழுதினார். ஓரிடத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற பரப்பை வரைபடத்தில் வரைவது. ராமர் பக்கம் எத்தனை சதுர அடிக்குள் நின்றால் வாலி தெரிகிறான், எங்கே காலை நகர்த்தினால் மறைகிறான் என்று அளந்துவிடலாம்.

கட்டடக்கலை மாணவி, சேலம்:
இது பிடித்திருக்கிறது சார். ஆனால் கைடு கேட்ட ஒரே எண்?

கணக்கு வாத்தியார், ஓமலூர்:
அந்தச் சதுர அடிதான் எண். அது அழகின் அளவு என்று மட்டும் எழுதாதே, சிற்பி பார்வையாளரை எவ்வளவு இடத்துக்குள் நிறுத்தினான் என்பதன் அளவு என்று எழுது.

தாரமங்கலத்துக்காரன்:
டேப் பிடித்து அளக்கிறதானால் முதலில் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துடுங்க. பிரதோஷத்தன்று வராதீங்க, கூட்டத்தில் தூணே தெரியாது.