ஆறுதல் சொல்லப் போய் நண்பனை நோகடித்தேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நண்பனின் அப்பா இறந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேடா, அப்பா உனக்கே பிள்ளையா வந்து பிறப்பார்" என்று சொன்னேன். எங்கள் வீட்டில் யார் இறந்தாலும் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். அவன் கிறிஸ்தவன் என்பது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆறுதலுக்கு மதம் ஏது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவனே பேச்சை எடுத்தான். கையில் அப்பாவின் பழைய கடிகாரம். மனிதர் அதை எப்போதும் ஐந்து நிமிடம் வேகமாக வைத்திருப்பார். "எனக்கு அப்பா மாதிரி ஒரு குழந்தை வேண்டாம்டா. இந்தக் கடிகாரத்தைத் திருத்தினா, எவன்டா தொட்டதுன்னு கத்துவாரே, அந்த ஆள்தான் வேணும்" என்றான்.

கிறிஸ்தவர்கள் ஆன்மா மட்டும் சொர்க்கம் போவதைத்தான் நம்புகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவன் வாரா வாரம் ஆலயத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றே இருக்கிறது. சரீரம்! விதை செத்துப் பயிராவது போல, புதைத்த உடல் அழியாத உடலாக எழும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருப்பதைக் காட்டினான். பயிர் வேறு மாதிரி இருந்தாலும் அதே விதையின் பயிர்தானே என்பது அவன் வாதம்.

யோசித்தால், நான் சொன்னது என் சைவத்துக்கே பொருந்தாத ஆறுதல். காரைக்கால் அம்மையார் கேட்ட வரமே பிறவாமைதான். மறுபிறப்பு எங்களுக்குத் தீர வேண்டிய நோய். அதைப் போய் அவனிடம் மருந்து என்று நீட்டியிருக்கிறேன்.

மறுமொழி 1

நான் முஸ்லிம். "அப்ப உங்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் ஒண்ணுதானே?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பாதி சரி. கியாமத் என்னும் இறுதித் தீர்ப்பு நாளில் எல்லோரும் எழுப்பப்படுவார்கள் என்பதில் ஒன்றுதான். எலும்புகளை ஒன்றுசேர்க்க மாட்டோம் என்று மனிதன் நினைக்கிறானா, அவன் விரல் நுனிகளைக்கூடச் சீராக்க வல்லவர்கள் நாம் என்று குர்ஆனின் 75ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். ஆனால் ஈசா நபி, அதாவது இயேசு, சிலுவையில் அறையப்படவே இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஈஸ்டர் எங்களுக்கு இல்லை. இதைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் முகம் வாடிவிட்டது. அதற்கு மேல் நான் பேசவில்லை.

நம்பிக்கை என்றால் எனக்கு விவாதத்தைவிட வாப்பாவின் ஜனாஸா, அதாவது இறுதிச் சடங்குதான் ஞாபகம் வருகிறது. தொழுகைக்கு முன் அண்ணன் எழுந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன் பாக்கி வெச்சிருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பொறுப்பு" என்றார். மறுமையில் கடன் கழுத்தைப் பிடிக்கும் என்று பயம். யாரும் வாய் திறக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் பக்கத்து வீட்டு ஐயா தயங்கித் தயங்கி வந்தார். அவர் இந்து. "தம்பி, நான்தான் அவருக்குத் தரணும். இதுக்கு எங்க கணக்கில் அடுத்த ஜென்மம் எடுக்க வேண்டியிருக்கும், இப்பவே வாங்கிக்குங்க" என்றார். அண்ணன் சிரித்ததை அன்று முழுக்க அப்போதுதான் பார்த்தேன்.

மறுமொழி 2

கத்தோலிக்கக் குடும்பம். அம்மா தன்னை எரிக்கச் சொல்லியிருந்தார். "எரிச்சா எப்படி எழுவா?" என்று தாய்மாமா ஒரே சத்தம். 1963லேயே திருச்சபை இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது என்று பங்குத்தந்தை சொல்லியும் அவர் ஒப்பவில்லை. "கடல்ல மூழ்கினவனை எழுப்புறவருக்குச் சாம்பல் ஒரு பாரமா?" என்று பங்குத்தந்தை கேட்ட பிறகுதான் மாமா அடங்கினார்.

எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு பங்கு சாம்பல் கேட்டான். 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி சாம்பலைத் தூவவும் கூடாது, பிள்ளைகள் பிரித்துக்கொள்ளவும் கூடாது. உடல் எழ வேண்டியது, ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நான் புரிந்துகொண்டேன். தம்பிக்கு அது இன்னும் மனத்தாங்கல்தான்.

மறுமொழி 3

சின்ன விஷயம். எங்கள் சித்திக்கு இது இரண்டாம் திருமணம். முதல் கணவர் இறந்துவிட்டார். "ரெண்டு பேரும் எழுந்து வந்தா நான் யார் பக்கம் நிக்கறது?" என்று வேத பாட வகுப்பில் கேட்டுவிட்டார். உயிர்த்தெழுதலே இல்லை என்ற சதுசேயர்கள் எனும் யூதப் பிரிவினர், ஏழு சகோதரர்களை ஒருவர் பின் ஒருவராக மணந்த பெண்ணை வைத்து இயேசுவை மடக்கப் பார்த்த அதே கேள்வி. அங்கே கொள்வனையும் இல்லை கொடுப்பனையும் இல்லை, அதாவது கல்யாணமே இல்லை என்று மாற்கு 12இல் பதில் இருக்கிறது. சித்தி, "அப்பாடா, அங்கேயாவது" என்றார். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

முதலில் எழுதியவன்

சித்திக்கு என் வணக்கம்! எல்லாவற்றையும் நண்பனிடம் வாசித்துக் காட்டினேன். கூடவே, எங்களிடமும் ஒருத்தி எழுந்திருக்கிறாள் என்று பூம்பாவை கதையைச் சொன்னேன். பாம்பு தீண்டி இறந்தவளின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்க, சம்பந்தர் பதிகம் பாடினார், அவள் பெண்ணாக எழுந்து வந்தாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே: "அப்புறம் அவ இறந்தாளா?"

பின்னாளில் சிவனடி சேர்ந்தாள் என்றேன்.

"அப்ப இயேசு எழுப்பின லாசரு மாதிரி. அவனும் கல்லறையிலிருந்து வந்தான், திரும்பவும் செத்திருப்பான். நாங்க காத்திருக்கறது அதுக்கப்புறம் சாவே இல்லாததுக்கு."

திரும்பப் பிறக்காததற்கு நான், திரும்ப இறக்காததற்கு அவன். சரி என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அந்தக் கடிகாரம் நின்றுபோய், பேட்டரி மாற்றினான். மாற்றியவர் நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுத்துவிட்டார். அவன் என் எதிரிலேயே திருகை இழுத்து, முள்ளை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளிக் கட்டிக்கொண்டான்.