சாகிந்தோஸ் ஆமைக் கரையில் தன்னார்வ வேலை: அனுபவப் பகிர்வு

கிரீஸின் சாகிந்தோஸ் தீவில், லாகனாஸ் வளைகுடா ஓரமாகக் கோடை முழுக்கப் பல நாட்டு இளைஞர்கள் கூடாரத்தில் தங்கி, பெருந்தலைக் கடலாமைகளின் கூடுகளைக் காக்கிறார்கள். 1983இல் தொடங்கிய ஆர்கெலோன் என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் வழியாகத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். 1999 முதல் அந்த வளைகுடா தேசியக் கடல் பூங்கா. அங்கே என்னென்ன வேலை, எங்கே தப்பு நடக்கும் என்பதை மட்டும், போய்வந்த நாம் ஒவ்வொருவராக எழுதுவோம். ஆமையோடு எடுத்த படங்கள் வேண்டாம்.

•

காலை நடையிலிருந்து தொடங்குகிறேன். சூரியன் எழும்போதே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். குளிக்க வருகிறவர்கள் மிதித்துவிட்டால் தடம் போச்சு. பெருந்தலை ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி ஏறும். துடுப்பு மணலைப் பின்னுக்குத் தள்ளுவதால், குவிந்த மணலுக்கு எதிர்ப்பக்கம்தான் அது போன திசை. இரண்டு தடம் குறுக்கிட்டால் மேலே கிடப்பது இறங்கிய தடம். ஏறிய தடத்தின்மேல் மணல் வாரி இறைத்து மூடியிருந்தால் கூடு இருக்கலாம். பல நாள் கூடுகளைவிட, ஆமை முட்டையிடாமல் திரும்பிய வெற்று ஏற்றங்களே அதிகம். அவற்றையும் எண்ணிக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

முட்டைக் குழியைக் கையால் மட்டும்தான் தேட வேண்டும். குச்சியால் குத்தினால் ஒரு முட்டை உடையும், அது அழுகும், எறும்பு வரும், கூடே கெடும். மணல் பொலபொலவென்று இருக்கும் இடத்தில் விரல் நுனியால் மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். மேல் முட்டை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அதுவரை உள்ள ஆழத்தை அளந்து, ஈர மணலை முதலிலும் காய்ந்த மணலை மேலேயும் போட்டு மூடுங்கள். கரையின் பின்பக்கம் நட்டிருக்கும் எண்ணிட்ட கம்பங்களில் இரண்டிலிருந்தும் கடலிலிருந்தும் தூரத்தை எடுங்கள். காற்றில் அளவு நாடா தொய்வதும், கம்ப எண்ணை மாற்றி எழுதுவதும்தான் வழக்கமான பிழைகள். விளைவு ஐம்பது நாள் கழித்துத்தான் தெரியும்: கூட்டைக் காணோம் என்று கரையைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். கிளம்புமுன் தடத்தைக் காலால் கலைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வருகிறவர் இன்னொரு கூடு என்று எண்ணிவிடுவார்.

•

மேலே சொன்னதோடு ஒன்று. சென்னையில் பங்குனி ஆமை நடை போனவர்கள் இங்கே முதலில் இடறுவது இதில்தான். அங்கே முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பது வழக்கம். இங்கே இட்ட இடத்திலேயே விடுவதுதான் விதி. அலை ஏறி நனைக்கும் இடமென்றால் மட்டுமே மாற்றுவார்கள், அதுவும் அனுமதி உள்ள மூத்தவர் கையால், இட்ட சில மணி நேரத்துக்குள். நேரம் போனால் கரு முட்டையோட்டின் உட்புறத்தில் மேலே ஒட்டிக்கொள்ளும். அப்போது புரட்டினால் பிய்ந்து செத்துவிடும். அதனால் மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி ஒவ்வொரு முட்டையையும் எடுத்து, ஈர மணல் போட்ட வாளியில் அடுக்க வேண்டும். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். புதுக் குழியும் பழைய ஆழத்திலேயே, கழுத்து குறுகி அடி பருத்த குடம் போல இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் சூடு மாறும். சூடு மாறினால் பொரிப்பு மட்டுமல்ல, ஆண் பெண் விகிதமும் மாறும். சுமார் 29 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். வெளிறிய மணல் உள்ள மராத்தோனிசி என்ற குட்டித் தீவில் மணல் குளிர்ச்சி என்பதால், அங்கே பொரிக்க நாளும் கூடுதல், ஆண் குஞ்சுகளும் கூடுதல்.

•

பகல் முறை வேலையை யாரும் சொல்லவில்லையே! வேலையின் பெரும்பாதி அதுதான். யெராகாஸ் கரையில் நின்றுகொண்டு, குடையைத் தண்ணீர் ஓரத்திலேயே ஊன்றச் சொல்ல வேண்டும். "ஏன்?" என்று கேட்பார்கள். குடைக் கம்பி இறங்கும் ஆழமும் மேல் முட்டை இருக்கும் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்று. இதைக் கையால் அளந்து காட்டினால் முக்கால்வாசிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். சட்டத்தைச் சொல்லி ஆரம்பித்தால் சண்டைதான். இரவில் சுற்றுலாப் பயணிகள் யாரும் கரைக்குள் வரக் கூடாது. செகானியா கரையில் பகலிலும் அவர்களுக்கு நுழைவில்லை. அந்தக் கரையை ஒட்டிய நிலத்தை 1994இல் டபிள்யூடபிள்யூஎஃப் கிரீஸ் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு விலைக்கே வாங்கிவிட்டது.

•

இரவு முறை வேலை: ஆமை முட்டையிடத் தொடங்கும் வரை கிட்டே போகாதீர்கள், வெளிச்சம் காட்டாதீர்கள், மிரண்டால் இடாமலே திரும்பிவிடும். பிறகும் பின்பக்கமாகத்தான் அணுக வேண்டும். சிவப்பு விளக்கு போதும், நிலவு இருந்தால் அதுவும் வேண்டாம்.

குஞ்சுகள் மணல் குளிர்ந்த இரவில் கூட்டமாக வெளிவந்து, வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். விடுதி விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைப் பக்கம் போய்விடும். அதற்குத்தான் கூட்டுக்குப் பின்னால் நாணல் பாயைத் தடுப்பாகக் கட்டுகிறோம். பாயின் அடிப்பக்கத்தை மணலில் புதைக்காவிட்டால் அந்த இடைவெளியிலும் வெளிச்சம் வரும். குஞ்சைத் தூக்கிக் கடலில் விடும் ஆசை எல்லோருக்கும் வரும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

•

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு: ஷெங்கன் குறுகிய விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். பருவம் முழுக்க என்றால் கிரீஸின் நீண்டகால விசா வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பங்கேற்புக் கட்டணம் உண்டு, டிக்கெட்டும் உங்கள் செலவே. ஏதென்ஸிலிருந்து பேருந்தில் கில்லினி துறைமுகம், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரக் கப்பல்.

கூடாரத்தை நிழலில் போடுங்கள். இரவு நடை முடித்து வந்து பத்து மணி வெயிலில் தூங்க முடியாது. சிவப்புத் தலைவிளக்குக்கு உதிரி பேட்டரி, நனைந்தாலும் எழுத பென்சில் (பேனா மை கரைந்துவிடும்), அடர்ந்த நிற உடை. வெள்ளைச் சட்டை இருட்டில் ஆமைக்குத் தெரியும்.