கூட வேலை செய்பவர்களை எப்போது தெரிந்துகொண்டீர்கள்?

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்:

பனியன் கம்பெனியில் 35 பேர் உள்ள லைன் என்னுடையது. ஓவர்லாக், பிளாட்லாக், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து. அதில் 11 பேர் ஒடிசா பசங்கள். 'இந்திக்காரப் பசங்க' என்றுதான் சொல்வோம். ஒருநாள் அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "அண்ணா, எங்க வீட்ல இந்தி பேசறதில்ல" என்றான். அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு நாலு நாள் இருக்கும்போது ஆறு பேரைக் காணோம். ஷிப்மெண்ட் நேரம். போன் எடுக்கவில்லை. ஒடிசா வழியாகப் போகும் தன்பாத் வண்டி ஏறிவிட்டார்கள் என்று ரூமில் இருந்தவன் சொன்னான். மீதிப் பேரை வைத்து ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். தீபாவளிக்குத்தான் லீவும் போனஸும் தருகிறோமே, அப்போது போனால் என்ன என்பது என் ஆத்திரம்.

திரும்பி வந்தவனை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். திட்டுவதற்குத்தான், பொய் சொல்லவில்லை. அவன் ஊர் பலாங்கீர் மாவட்டம். மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுஆகாய். புது அரிசியைச் சாமிக்குப் படைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து 'நுஆகாய் ஜுஹார்' என்பார்களாம். நமக்குப் பொங்கல் மாதிரி. வீட்டில் பேசுவது சம்பல்புரி. நாங்கள் பெருமையாகக் கொடுத்த தீபாவளி லீவில் அவர்கள் ரூமில் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துதான் சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் நானே முதலில் கேட்டேன். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கும் முன்னாலேயே உட்கார்ந்து யார் போவது, யார் இருப்பது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னேன். முதலாளியைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஆறு பேர் போனார்கள், ஆறு பேரும் சொன்ன தேதிக்கு வந்தார்கள். வரும்போது ஒருவன் என் பெண்ணுக்கு ஒரு சம்பல்புரி துண்டு கொண்டுவந்தான்.

வங்கிக் கிளை மேலாளர், தஞ்சாவூர் பக்கம்:

என் கதை நேர் எதிர். புதுக் கிளைக்குப் போனதும் எல்லோரோடும் வீட்டு மனிதர் போலப் பழக வேண்டும் என்று ஒரு வேகம். தினமும் காலையில் கூட்டாக டீ. ஒரு நாள் அங்கே, கல்யாணமாகி நாலு வருஷமான ஒரு அலுவலரிடம், "என்னம்மா, வீட்ல விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்விதானே. அந்தப் பெண் சிரித்து மழுப்பினார். மறுநாளிலிருந்து டீ நேரத்தில் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது. காசாளர் அக்காதான் சொன்னார்: "சார், அந்தப் பொண்ணு ரெண்டு தடவ பறிகொடுத்திருக்கு." தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றார். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதெல்லாம் நானாக எதையும் துருவுவதில்லை. அவர்களாக வந்து உட்கார்ந்தால் கணினித் திரையை அணைத்துவிட்டுக் கேட்பதோடு சரி.

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்:

சார், நானும் டீக்கடையில் முதலில் கேட்டது "எதுக்குடா ஓடுன?" என்றுதான். அவன் நல்லவன், பதில் சொன்னான்.

ஃபோர்மேன், மின்வாரியம்:

எங்களுக்கு டீ சாப்பிட்டுப் பழக நேரமே கிடைக்காது. கம்பத்துக்குக் கீழே நிற்கும்போது இரண்டு கேள்வி கேட்பேன்: சாப்டியா, ராத்திரி தூங்குனியா? எல்சி, அதாவது லைனில் கரண்டை நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம் என்கிற அனுமதி, வாங்கியாச்சா என்பதெல்லாம் அப்புறம்தான். ஆரம்பத்தில் எல்லோரும் "ஆச்சுண்ணே" என்பார்கள். தூங்காதவனை நான் ஏசாமல் கீழே நிற்க வைத்துவிடுவேன், ஏன் என்று கேட்கவும் மாட்டேன். இது தெரிந்த பிறகுதான் உண்மை வர ஆரம்பித்தது.

போன மழையில் ஒருத்தன், எங்களில் நல்ல ஏறுகாரன், தானாகவே வந்து, "அண்ணே, வீட்ல சண்ட. கை நடுங்குது, இன்னிக்கு நான் ஏறல" என்றான். கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு நான் ஏறினேன். எனக்கு வயது 54, இறங்குவதற்குள் முட்டி போய்விட்டது.